விமானம் ஏறாமல் டோக்கியோவிலிருந்து சப்போரோ: முதல்முறை போகிறவர்களுக்கு

ஜப்பானில் வேலைக்கோ படிப்புக்கோ வந்திருக்கும் நம்மவர்கள் பலர், சப்போரோ இருக்கும் வடக்குத் தீவான ஹொக்கைடோ என்றதுமே ஹனேடா விமான நிலையத்துக்குத்தான் கிளம்புகிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், உண்மைதான். ஆனால் ஜப்பான் போக்குவரத்து அமைச்சகத்தின் 2019 நிதியாண்டுக் கணக்கைப் பாருங்கள்: ஒரு பயணி ஒரு கிலோமீட்டர் போக விமானம் 98 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறது, ரயில் 17 கிராம். ரயில் பாதை சுற்றிப் போவதைச் சேர்த்தாலும் நாலில் ஒரு பங்குதான் ஆகிறது. இவ்வளவு நல்ல ரயில் ஓடும் நாட்டில் இருந்துகொண்டு பறக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

படி 1: விடுப்பு

போக ஒரு பகல், திரும்ப ஒரு இரவும் மறுநாளும் பிடிக்கும். ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் வரும் 'கோல்டன் வீக்' விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் ஓபோன் பண்டிகை, புத்தாண்டு மூன்றையும் தவிருங்கள். விடுப்பு கேட்கத் தயங்க வேண்டாம். ஆறு மாதம் முழுநேர வேலை பார்த்தவருக்கு 10 நாள் சம்பளத்துடன் விடுப்பு சட்டப்படி உண்டு. அதில் 5 நாளையாவது எடுக்க வைப்பது 2019 ஏப்ரலிலிருந்து முதலாளியின் கடமை.

படி 2: ரயில் டிக்கெட்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயில்களில் நாடு முழுக்கச் செல்லும் ஜேஆர் பாஸ், குறுகிய கால வருகையாளராக வருபவர்களுக்கு. ஊரிலிருந்து அப்பா அம்மா சுற்றிப் பார்க்க வந்தால் அவர்களுக்கு வாங்கலாம். வேலை அல்லது மாணவர் விசாவில் இருக்கும் உங்களுக்குக் கிடைக்காது. மாணவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: கல்லூரி அலுவலகத்தில் 'கக்குவாரி' (மாணவர் தள்ளுபடி) சான்று வாங்கினால், 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தின் அடிப்படைக் கட்டணத்தில் 20 சதவீதம் குறையும்.

டோக்கியோவிலிருந்து 'ஹயபுசா' ஷின்கான்சென் (புல்லட் ரயில்) சுமார் நான்கு மணி நேரத்தில் ஹொக்கைடோவின் தெற்கே உள்ள ஷின்-ஹகொதாதே-ஹொகுதோ நிலையம் போகும். அங்கே 'ஹொகுதோ' எக்ஸ்பிரஸுக்கு மாறினால் மூன்றரை மணி நேரத்தில் சப்போரோ. இரண்டிலும் முன்பதிவு இருக்கைதான், சும்மா ஏறி உட்கார முடியாது. பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, காலை 10 மணிக்கு விற்பனை தொடங்கும். ஜேஆர் கிழக்கு நிறுவனத்தின் 'எக்கிநெட்' இணையதளத்தில் முன்கூட்டியே வாங்கினால் சில சமயம் தள்ளுபடியும் உண்டு.

ஹொகுதோவில் 'உமிகாவா', அதாவது கடல் பக்கம், கேட்டு வாங்குங்கள். சப்போரோ போகும்போது அது வலப்பக்கம். உச்சிஉரா வளைகுடாவை ஒட்டியே ரயில் நெடுநேரம் ஓடும். அதற்கு முன், ஷின்கான்செனில் போகும்போதே, 1988-இல் திறந்த செய்கான் சுரங்கம் வரும்: 53.85 கிலோமீட்டர், அதில் 23 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். விமானத்தில் போனால் இவை எதுவும் இல்லை.

படி 3: சாப்பாடு

சைவம் என்றால் வீட்டிலேயே புளிசாதம் கட்டிக்கொள்வது உத்தமம். ஷின்கான்செனில் சாப்பிடுவதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கடையில் கிடைக்கும் காய்கறிப் பண்டங்களில்கூடப் பெரும்பாலும் மீன் 'தாஷி' (வேகவைத்து எடுத்த சாறு) இருக்கும். தண்ணீர் பாட்டிலும் துணிப்பையும் கூடவே இருக்கட்டும். கடையில் "ஃபுகுரோ இரிமாசென்" (பை வேண்டாம்) என்று சொன்னால் போதும். தெருவில் குப்பைத்தொட்டி அரிது, அதனால் குப்பைக்கென்று தனியாக ஒரு பை வையுங்கள்.

படி 4: திரும்பும்போது கப்பல்

சப்போரோவுக்குத் தெற்கே உள்ள தொமகொமாய் துறைமுகத்திலிருந்து, டோக்கியோவுக்கு வடகிழக்கே இபராகி மாநிலத்தின் ஓஅராய் துறைமுகத்துக்கு 'சன்ஃபிளவர்' ஃபெர்ரி ஓடுகிறது. மாலையில் கிளம்பும் கப்பல் மறுநாள் பிற்பகல் போய்ச் சேரும். கார் இல்லாமலும் ஏறலாம். இணையத்தில் முன்பதிவு செய்யும்போது கார் இல்லாத பயணி என்று தேர்ந்தெடுங்கள். பொது அறை மலிவு, ஆனால் தரையில் வரிசையாகப் படுக்க வேண்டும். முதல்முறை போகிறவருக்கு, திரை போட்ட தனிப் படுக்கையைத்தான் நான் சொல்வேன்.

கப்பலைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். இந்தக் கப்பல்கள் பெரும்பாலும் லாரிகளுக்காக ஓடுபவை, பயணியின் பங்கைக் கணக்கிடுவதே சிக்கல். இந்தத் தடத்துக்கு 2025-இல் வந்த எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) கப்பல்களில் புகை குறைவு, ஆனால் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு எரியாமல் கசியும் பிரச்சினை இருக்கிறது. கார்பனை மட்டும் பார்த்தால் இரு வழியும் ரயில்தான் சரி. நம் ஊர் பேருந்து போல, இருக்கும் சேவையைப் பயணிகள் கைவிட்டால் அது நின்றுவிடும் என்பதால் ஒரு வழிக்குக் கப்பலையும் சேர்க்கிறேன்.

நடுக்கடலில் செல்போன் சிக்னல் போய்விடும், டிக்கெட்டையும் வரைபடத்தையும் முன்பே சேமித்துவிடுங்கள். குளிர்காலத்தில் அலை அதிகம், வாந்தி மாத்திரை அவசியம். ஓஅராய் ரயில் நிலையத்திலிருந்து மிதோ நகருக்குக் கால் மணி நேரம். அங்கிருந்து ஜோபான் பாதை ரயில் நேராக டோக்கியோவின் உஎனோ நிலையத்தில் இறக்கிவிடும்.