ஏசி வாங்குவதற்கு முன் பைப் போகும் வழியை அளந்துவிடுங்கள்: முதல்முறை மாட்டுபவர்களுக்கு ஒரு செய்முறை

எங்கள் படுக்கையறைக்கு ஏசி வாங்கியபோது, பெட்டி வீட்டில் வந்து இறங்கிய பிறகுதான் அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பது என்றே பேசினோம். மாட்ட வந்தவர் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சுவரில் ஆள் நின்று வேலை செய்ய முடியாது, மாடிக்குத்தான் ஏற்ற வேண்டும்" என்றார். மெஷினோடு வந்த காப்பர் பைப் 3 மீட்டர். தேவைப்பட்டதோ 9 மீட்டர். கூடுதல் பைப், அதன்மேல் சுற்றும் உறை, ஒயர், ஸ்டாண்டு, சுவரில் துளை என்று எல்லாம் சேர்ந்து, மெஷின் விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அன்றைக்கே கூடுதலாகப் போனது. ஏழாவது மாதம் குளிரும் குறைந்தது. அதற்கான காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாவது அறைக்கு மாட்டும்போது வரிசையையே மாற்றினேன். முதலில் பைப் போகும் வழி, அப்புறம் அறையின் வெப்பக் கணக்கு, அதன் பிறகே மெஷின். இங்கேயும் அதே வரிசைதான். நான் சொல்வதெல்லாம் சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசிக்கு. விண்டோ ஏசிக்குப் பைப் வேலை கிடையாது. தகுந்த சன்னலும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் இருந்தால் அதுவும் நல்ல தேர்வுதான்.

படி 1: கயிறு பிடித்து அளப்பது

ஒரு சணல் கயிறும் சாக்பீசும் போதும். இன்டோர் யூனிட் வரப்போகும் இடத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். முடிந்தவரை வெளிச்சுவரிலேயே வையுங்கள். தண்ணீர் போகும் பைப் அப்போதுதான் குட்டையாக இருக்கும். காற்று நேராகக் கட்டிலில் இருப்பவர் முகத்தில் அடிக்கக் கூடாது. யூனிட்டின் மேல்பக்கம் சீலிங்கிலிருந்து 15 செ.மீ. தள்ளியிருக்கட்டும், காற்றை இழுப்பது அந்த வழியாகத்தான்.

அவுட்டோர் யூனிட்டுக்கு மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பின்னாலும் பக்கத்திலும் காற்று உள்ளே போக இடம், முன்னால் சூடான காற்று தடையில்லாமல் வெளியேற வழி, பிறகு சர்வீஸ் செய்ய ஓர் ஆள் பயமில்லாமல் நிற்க இடம். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நாங்களும் விட்டோம். அடைத்த பால்கனியில் வைத்தால், தான் வெளியே தள்ளிய சூட்டையே மெஷின் திரும்ப இழுக்கும்; குளிர் குறையும், கரண்ட் கூடும்.

இப்போது இன்டோர் கோட்டிலிருந்து அவுட்டோர் இடம்வரை, பைப் வளைந்து போகும் அதே வழியில் கயிற்றை ஒட்டிப் பிடியுங்கள். மூலைகளில் வெட்டிக் குறுக்கே போகாதீர்கள். கயிற்றின் நீளத்தோடு ஒரு மீட்டர் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு யூனிட்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தையும் எழுதுங்கள். விலை விசாரிக்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை இந்த இரண்டு எண்கள்.

படி 2: எத்தனை டன்?

ஒரு டன் என்பது மெஷினின் எடை இல்லை. ஒரு டன் (அமெரிக்கக் கணக்கில் சுமார் 907 கிலோ) பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தின் அளவு. ஐஸ் கட்டியால் குளிர்வித்த காலத்துக் கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றுவது 1 டன்.

இத்தனை சதுர அடிக்கு இத்தனை டன் என்ற வாய்ப்பாடு எனக்குப் பிடிக்காது. என் இரண்டாவது அறைக்கு நான் போட்ட கணக்கைப் பாருங்கள். 12 அடிக்கு 11 அடி, ஏறத்தாழ 12 சதுர மீட்டர். மேலே வெயில் காயும் கான்கிரீட் தளம். மேற்கே 1.5 சதுர மீட்டர் கண்ணாடி சன்னல்.

தளத்தின் வழியாக இறங்கும் சூடு சுமார் 900 வாட். மேற்கு வெயில் கண்ணாடியில் நேராக விழும்போது சதுர மீட்டருக்கு 500 வாட் என்று வைத்தால் 750. சுவர்கள் 400. இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் ஆளுக்கு 120 வீதம் 240. டிவி, விளக்கு 150. கதவிடுக்கில் நுழையும் வெளிக்காற்றுக்கு 250. கூட்டினால் 2,690 வாட், அதாவது முக்கால் டன்னுக்குச் சற்று மேல். 1 டன் தாராளம். கடையில் 1.5 டன் எடுக்கச் சொன்னார்கள்.

இதே அறைக்கு மேலே இன்னொரு மாடி இருந்தால் அந்த 900 வாட் அப்படியே கழிந்து, அரை டன்னுக்கு வந்துவிடும். சதுர அடி மாறவில்லை, தேவை மட்டும் இவ்வளவு மாறுகிறது. சன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல் தட்டி போட்டால் அந்த 750-ல் பெரும்பகுதி குறையும். உள்ளே திரை போடுவதால் அவ்வளவு பலன் இல்லை. வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டதே.

பெரியதாக வாங்கினால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். அளவுக்கு மீறிய மெஷின் சீக்கிரம் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. அறை சில்லென்றும் இருக்கும், பிசுபிசுப்பும் போகாது.

இன்னொன்று. மெஷினில் எழுதியிருக்கும் திறன் வழக்கமாக வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. கடும் வெயில் உள்ள ஊரென்றால் 46 டிகிரியில் எவ்வளவு தருகிறது என்ற எண்ணையும் கேளுங்கள். அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும், எவ்வளவு குறைவு என்பதே கேள்வி.

படி 3: மெஷினைத் தேர்ந்தெடுப்பது

இன்வெர்ட்டர் வகையே வாங்குங்கள். சாதாரண ஏசியில் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும், இல்லை நிற்கும். இன்வெர்ட்டரில் தேவைக்கேற்ப வேகம் குறையும். தினமும் ஓரிரு மணி நேரம் மட்டும் போடுபவர்களுக்கு வித்தியாசம் சிறியது. இரவு முழுக்கப் போடுபவர்களுக்குப் பெரியது. கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் இன்வெர்ட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயர் மட்டும்தான் ஒன்று.

ஈஇஆர் என்று ஓர் எண் இருக்கும். வெளியேற்றும் வெப்பத்தை இழுக்கும் கரண்டால் வகுத்தால் வருவது. 3.5 கிலோவாட் மெஷினுக்கு அது 3 என்றால் 1.17 கிலோவாட் கரண்ட். 4 என்றால் 0.88. வருடத்துக்கு 1,600 மணி நேரம், சராசரியாக 60 சதவீத வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஏறத்தாழ 280 யூனிட் கரண்ட். பத்து வருடத்துக்கு 2,800 யூனிட். அதை உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்குங்கள். இரண்டு மெஷின்களின் விலை வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தால் திறன் கூடியதை எடுக்கலாம். நட்சத்திரக் குறியை மட்டும் பார்த்து முடிவு செய்வதைவிட இந்த ஒரு பெருக்கல் மேல்.

மெஷினுக்குள் சுற்றிவந்து குளிர்விக்கும் கேஸ் ஆர்32 ஆக இருந்தால் நல்லது. புவி வெப்பமாதல் குறியீடு (கார்பன் டை ஆக்சைடை 1 என்று வைத்தால்) அதற்கு 675, பழைய ஆர்410ஏ-வுக்கு 2,088. ஆனால் ஆர்32 லேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதை நினைவில் வையுங்கள், ஆறாவது படியில் அது வருகிறது. காயில் (யூனிட்டுக்குள் கேஸ் ஓடும் வளைவுக் குழாய்) காப்பரா அலுமினியமா என்றால் என் ஓட்டு காப்பருக்கு; ஓட்டை விழுந்தால் பற்றவைத்துச் சரிசெய்வது சுலபம். வைஃபை, குரல் கட்டளை போன்றவற்றுக்கு நான் கூடுதல் பணம் கொடுக்க மாட்டேன்.

படி 4: கொட்டேஷனை உடைத்து வாங்குவது

"ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே தொகை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள்: மெஷின், அதோடு வரும் பைப்பின் நீளம், கூடுதல் பைப்புக்கு மீட்டர் விலை, பைப் உறை, ஒயர், டிரெயின் பைப், ஸ்டாண்டு, சுவர்த் துளை, உயரத்தில் வேலை செய்தால் கூலி, வேக்கம் (பைப்புக்குள் இருக்கும் காற்றைப் பம்ப்பால் உறிஞ்சி எடுப்பது), கூடுதல் கேஸ். கடைசி இரண்டும் பெரும்பாலும் எழுத்தில் இருக்காது. அவற்றை நீங்களே சேர்க்கச் சொல்ல வேண்டும்.

பைப்பின் சுவர் கனத்தையும் எழுதச் சொல்லுங்கள். 0.8 மி.மீ. இருக்கட்டும். மெல்லிய பைப் மீட்டருக்கு மலிவு, ஆனால் வளைக்கும் இடத்தில் நசுங்கும்.

அப்புறம், முதல் படியில் அளந்த நீளத்தை எல்லாரிடமும் ஒன்றுபோல் சொல்லி மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். எனக்கு மெஷின் விலை மிகக் குறைவாகச் சொன்ன இடம், 7 மீட்டர் பைப்போடு கூட்டியபோது நான் விசாரித்த மூன்று இடங்களில் அதிகத் தொகையாக வந்தது. மீட்டர் விலையில் அந்த லாபத்தைத் திரும்ப எடுத்திருந்தார்கள்.

படி 5: கரண்ட்

மெயின் போர்டிலிருந்து ஏசிக்குத் தனி லைன், தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), முறையான எர்த். ஒயரின் கனம் மெஷின் கையேட்டில் இருக்கும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகவே கூடாது. மெஷின் வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை வைத்து இதை முடித்துவிடுங்கள்.

படி 6: மாட்டும் நாள், குறிப்பாக வேக்கம்

நான் சறுக்கியது இங்கேதான். அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

அவுட்டோர் யூனிட்டுக்குள் கேஸ் கம்பெனியிலேயே நிரப்பப்பட்டிருக்கும். புதிதாக இழுத்த பைப்பிலும் இன்டோர் காயிலும் இருப்பது சாதாரணக் காற்று, ஈரத்தோடு. அதை வெளியேற்றாமல் வால்வைத் திறந்தால் காற்றும் ஈரமும் உள்ளேயே தங்கும். ஈரம் கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி, உள்ளிருந்தே அரிக்கும். எங்கள் முதல் ஏசிக்கு வந்தவர் வால்வை லேசாகத் திறந்து, இன்னொரு முனையில் புஸ்ஸென்று கேஸை விட்டு, "காற்று போய்விட்டது" என்றார். ஐந்தே நிமிட வேலை. கசிவு இருக்கிறதா என்று சோதிக்கவும் இல்லை. ஏழாவது மாதம் வேறொருவர் வந்து உறையைப் பிரித்தபோது, பைப்பை யூனிட்டோடு இணைக்கும் ஃப்ளேர் நட்டைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய்க் கறை, அதன்மேல் தூசி. விரலால் தொட்டால் வழுவழுவென்று ஒட்டியது. கேஸ் போகும் இடத்தில் அதோடு ஆயிலும் கசியும். அந்தக் கறைதான் அடையாளம்.

சரியான முறை இது. பைப் முனையை விரித்து ஃப்ளேர் போட்ட பிறகு, உட்புறம் பிசிறும் கீறலும் இல்லையா என்று பார்க்க வேண்டும். நட்டை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்க வேண்டும். கால் அங்குலப் பைப்புக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் போதும். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் ஃப்ளேர் விரிசல் விடும். பிறகு நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை பூசி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதன் பிறகே வேக்கம் பம்ப். உள்ளே இருக்கும் அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்க வேண்டும் (மைக்ரான் இங்கே அழுத்தத்தின் அளவு). சாதாரணக் காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான் என்பதால் இது எவ்வளவு குறைவு என்று புரியும். அவ்வளவு தாழ்ந்த அழுத்தத்தில் பைப்பில் ஒட்டியிருக்கும் ஈரம் தானாகவே ஆவியாகிப் பம்ப் வழியே போய்விடும். முள் வைத்த சாதாரண கேஜ் இதற்குப் போதாது. 5,000 மைக்ரானிலும் 500-லும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். டிஜிட்டல் மைக்ரான் கேஜ் கொண்டு வருவாரா என்று முன்பே கேளுங்கள். நான் ஆள் தேர்ந்தெடுப்பது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

இலக்கைத் தொட்டதும் பம்ப்பைத் துண்டித்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். எண் 500-க்குக் கீழேயே நின்றால் சரி. அதைத் தாண்டி ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் ஈரம் மிச்சமிருக்கிறது, மறுபடி பம்ப் ஓட வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. இரண்டாவது அறையில் எங்களுக்கு 380-ல் நிறுத்தியது 430-க்கு வந்து அங்கேயே நின்றது. அந்தப் பத்து நிமிடமும் நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கேஸை விட்டுக் காற்றை விரட்டும் பழைய முறை ஆர்32-க்கு ஆபத்தும்கூட, அது தீப்பற்றக்கூடியது என்பதால். கூடுதல் கேஸ் தேவைப்பட்டால் தராசில் வைத்துக் கிராம் கணக்கில்தான் ஏற்ற வேண்டும். மீட்டருக்கு எத்தனை கிராம், எத்தனை மீட்டர்வரை கூடுதலே தேவையில்லை என்பதெல்லாம் கையேட்டில் இருக்கும்.

படி 7: ஒரு லிட்டர் தண்ணீர்

இன்டோர் யூனிட்டின் மூடியைத் திறந்து, கீழ்த்தட்டில் ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். வெளியே பைப் முனையில் ஒருவர் நிற்கட்டும். ஊற்றிய தண்ணீர் தயங்காமல் வந்துவிட வேண்டும். டிரெயின் பைப் ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவாவது இருக்க வேண்டும், நடுவில் தொய்வு கூடாது. ஆட்கள் போன பிறகு சுவரில் தண்ணீர் வடிவதைக் கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டார்கள்: பழைய ஏசியின் காப்பர் பைப்பையே புதிய மெஷினுக்கு வைத்துக்கொள்ளலாமா? சுவருக்குள் புதைத்த பைப் என்றால் ஆசை வருவது இயல்பு. பழையது ஆர்22 (இன்னும் பழைய வகை கேஸ்) மெஷின் என்றால் நான் மாற்றிவிடுவேன். அதன் ஆயில் வேறு, புதிய மெஷினின் ஆயில் வேறு. ஆர்32-ன் அழுத்தமும் ஆர்22-ஐவிட அதிகம். பழைய பைப்பின் கனம் தாங்குமா என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. பைப்பின் விட்டம் பொருந்தி, பழையதும் ஆர்32 அல்லது ஆர்410ஏ ஆக இருந்து, கம்ப்ரசர் எரிந்து நின்றதாக இல்லாவிட்டால் வைத்துக்கொள்ளலாம். ஃப்ளேரை மட்டும் வெட்டிப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

இன்னொருவர் தன் பைப் ஒன்றரை மீட்டரே வருகிறது, மிச்சப் பைப்பை வெட்டிவிடலாமா என்றார். கையேட்டில் குறைந்தபட்ச நீளம் என்று ஒன்று இருக்கும், பெரும்பாலும் 3 மீட்டர். அதற்குக் குறைந்தால் கம்ப்ரசரின் அதிர்வும் சத்தமும் அறைக்குள் வரும். வெட்டாமல், கிடைமட்டமாக ஒரு சுற்றுச் சுற்றி அவுட்டோர் யூனிட்டின் பின்னால் வைத்துவிடுங்கள்.