சிவப்பு மையை எடுப்பதற்கு முன்: சின்ன வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் நடந்தால் தெருவுக்கு ஒரு டியூஷனாவது கண்ணில் படும். ஹவுசிங் போர்டு மாடியில் கல்லூரிக்குப் போகும் ஓர் அக்கா, சுற்றிலும் பத்துப் பதினைந்து பிள்ளைகள். அந்த அக்காக்களுக்கும், வேலை முடிந்து வந்து பிள்ளையை உட்காரவைக்கும் அம்மா அப்பாக்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஒரு பழக்கம் மட்டும் இடிக்கிறது. பிள்ளை தப்பாகச் சொன்னதும் சரியானதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை.

வாசிப்பில் ஆரம்பிக்கலாம். இரண்டாம் வகுப்புப் பையன் பாடத்தைக் கடகடவென்று படிப்பான். அவன் விரலைப் பாருங்கள். வாய் மூன்றாவது வரிக்குப் போயிருக்கும், விரல் இன்னும் இரண்டாவது வரியில் ஊர்ந்துகொண்டிருக்கும். பாடம் மனப்பாடமாகிவிட்டது, அவ்வளவுதான். படத்தைக் கையால் மறைத்து, நடுவரியில் ஒரு சொல்லைத் தொட்டு “இது என்ன?” என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். தெரிந்த எழுத்துகளை வைத்து, பாடத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சிலேட்டில் எழுதிக் கேட்பது இன்னும் நல்லது.

247 எழுத்தும் முடிந்தபிறகுதான் சொல், சொல் முடிந்தபிறகுதான் வாக்கியம் என்று காத்திருப்பது இன்னொரு தவறு. க, ட, ப, ம, ர, ல என்ற ஆறு எழுத்துகளையும், அவற்றுக்குப் புள்ளி வைத்த வடிவங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். கல், பல், கடல், படம், மரம், பகல், மலர், கப்பல், பட்டம் எல்லாம் வந்துவிடும். காசிமேட்டுப் பிள்ளைக்குக் கடலும் கப்பலும் புதிதா என்ன? முதல் மாதத்திலேயே தானாக ஒரு சொல்லை வாசித்துவிட்ட பிள்ளை அப்புறம் கடைப் பலகை, பஸ் பலகை என்று எதையும் விடாது.

தடுக்கி விழும் இடங்களும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவைதான். ‘கால்’ என்பதைக் ‘கரல்’ என்று ஒரு பிள்ளை வாசித்தால், அது துணைக்காலை ‘ர’ என்று நினைக்கிறது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கின்றன, பாவம் அது என்ன செய்யும்? ‘கால்’ என்று பத்துத் தடவை எழுதச் சொல்வதால் ஒன்றும் ஆகாது. கரம், காரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எங்கே ஒலி நீள்கிறது என்று காட்டினால் போதும். கொம்பும் அப்படித்தான். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ ‘க்’ முடிந்த பின்னால் வருகிறது. ‘கொ’ என்றால் இரண்டு பக்கமும் அடைப்பு. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசிக்கப் பழக்கிவிட்டு, இங்கே மட்டும் பிள்ளை ஏன் குழம்புகிறது என்று கோபப்படுவதில் நியாயமில்லை.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. வடசென்னைப் பேச்சில் வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகிவிடும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைகளும் இங்கே நிறைய. ‘பழம்’ என்ற எழுத்தைப் பார்த்து ‘பயம்’ என்று சொல்லும் பிள்ளை வாசிக்கத் தெரியாத பிள்ளை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என்ன பழம், எங்கே வாங்கினார்கள் என்று கேளுங்கள். சரியாகப் பதில் வந்தால் வாசிப்பு நடந்திருக்கிறது. ழகரத்தைத் தனியாக ஐந்து நிமிடம் விளையாட்டாகப் பழக்கலாம். வரிக்கு வரி நிறுத்தித் திருத்தினால் கதை அறுந்துபோகும், பிள்ளை வாய்திறக்கவே யோசிக்கும்.

எழுத்தில் பெரிய வில்லன் பார்த்தெழுதுதல். ‘மரம்’ என்று இருபது தடவை எழுதச் சொன்ன நோட்டை அடுத்தமுறை பிள்ளை எழுதும்போதே எட்டிப் பாருங்கள். முதலில் மேலிருந்து கீழே ‘ம’ வரிசையாக இறங்கும், அப்புறம் ‘ர’, கடைசியில் ‘ம்’. சுவருக்குச் செங்கல் அடுக்குகிற மாதிரி. நோட்டு அழகாக நிறையும், ஆனால் ‘மரம்’ என்ற சொல்லை அந்தப் பிள்ளை ஒரு தடவைகூட எழுதியிருக்காது. இருபதுக்குப் பதில் மூன்று சொற்களை நீங்கள் சொல்ல, பார்க்காமல் எழுதட்டும். அதோடு சொந்தமாக ஒரே ஒரு வரி. “எங்க தெருவுக்கு தண்ணி லாரி வந்துச்சி” என்று எழுதினால் அதன்மேல் சிவப்புக் கோடு இழுக்காதீர்கள். முதலில் தண்ணீர் வந்த கதையைக் கேளுங்கள். ‘வந்தது’ என்பதை அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம். முதல் வரியிலேயே அடிபட்ட பிள்ளை அடுத்தநாள் வெறும் தாளைத்தான் நீட்டும்.

கணக்குக்கு வருவோம். ‘நூற்றைந்து’ எழுதச் சொன்னால் 1005 வரும். காதில் விழுந்தபடி நூறை எழுதி, ஐந்தைப் பக்கத்தில் வைத்திருக்கிறது. தொண்ணூறு என்ற பேரில் ஒரு ‘நூறு’ ஒளிந்திருக்கிறது, தொள்ளாயிரத்தில் ஓர் ‘ஆயிரம்’. 90-ஐயும் 900-ஐயும் பிள்ளைகள் மாற்றிப்போடுவதை மக்குத்தனம் என்று சொல்லக் கூடாது. பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐஸ் குச்சிக் கட்டும் சில உதிரிக் குச்சிகளும் இருந்தால் இட மதிப்பைக் கையில் கொடுத்துவிடலாம்.

42-இலிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு உண்டு. 2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2 போக 5. அது ஒரு முறையோடுதான் செய்திருக்கிறது, முறைதான் தப்பு. “கடன் வாங்கு, கடன் வாங்கு” என்று கத்தினால் எங்கே, எதற்கு என்று புரியாது. நான்கு குச்சிக் கட்டுகளில் ஒன்றைப் பிரித்து உதிரியாக்கச் சொல்லுங்கள். அதைத்தான் கடன் என்கிறோம் என்பதை அப்புறம் சொல்லலாம்.

இதே பிள்ளை அம்மாவோடு மீன் கடையில் உட்கார்ந்தால் கதை வேறு. கூறு 170 ரூபாய், இரண்டு கூறு வாங்கியவர் 500 ரூபாய் நோட்டு நீட்டினால், 340-லிருந்து 60 போட்டால் 400, இன்னொரு நூறு என்று 160-ஐ எண்ணிக் கொடுத்துவிடும். நோட்டில் 500-340 என்று மேலும் கீழுமாக எழுதினால் திருதிருவென்று முழிக்கும். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களை வைத்து பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலானோர் செய்த ஆய்வு 2025-இல் நேச்சர் இதழில் வந்தது. அதிலும் இதேதான். சில்லறைக் கணக்கை மனத்திலேயே போட்ட பிள்ளைகள் பாடப்புத்தக வடிவத்தில் திணறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. ஆக, ஒன்று தெரிந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று விட்டுவிட முடியாது. கடையில் எப்படி எண்ணினாய் என்று கேட்டு, பிள்ளை சொன்னபடியே 340, 400, 500 என்று ஒரு கோட்டில் குறித்துக் காட்டுங்கள். கழித்தல் கணக்கு அதன் கீழேயே வரட்டும்.

‘மொத்தம்’ வந்தால் கூட்டு, ‘மீதி’ வந்தால் கழி என்ற குறுக்குவழியை தயவுசெய்து சொல்லித்தராதீர்கள். “8 ரூபாய்க்குப் பேனா வாங்கினேன், மீதி 12 ரூபாய் இருக்கிறது, முதலில் எவ்வளவு இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். 4 என்று பட்டென்று விடை வரும். விரல் விட்டு எண்ணும் கையில் அடிப்பதும் வேண்டாம். விரல் இல்லாமல் வரும்போது அதுவே விட்டுவிடும்.

2022-இல் சின்ன வகுப்புகளுக்குத் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபிறகு அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளின் பேர்கள் வீடுகளிலும் புழங்குகின்றன. “இவன் இன்னும் அரும்புதான் மிஸ்” என்று பையனை வைத்துக்கொண்டே சொல்கிறார்கள். இன்றைக்கு எங்கிருந்து தொடங்கலாம் என்று பார்ப்பதற்கான படிநிலை அது, பட்டப்பெயர் ஆகிவிடக் கூடாது. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவ்வப்போது மறுபடி பார்த்து மாற்ற வேண்டும்.

கடைசியாக, பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் 3-ஐ 8 என்றும், ‘ன’-வை ‘ண’ என்றும் எழுதுகிற பிள்ளையை ஒரு வாரம் முன்வரிசையில் உட்காரவைத்துப் பாருங்கள். தப்பு குறைந்தால் அடுத்த வேலை டியூஷனில் இல்லை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு ஒரு நாள் காலையில் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அம்மாவிடம் பேசுங்கள்.