கன்சோல் மூடியின் கீறல்கள் நீங்கிய விதம்

2006-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3 என்ற வீடியோ கேம் கன்சோலின் முதல் மாடலின் மேல்மூடி பளபளக்கும் கருப்புப் பிளாஸ்டிக்கால் ஆனது. பெங்களூரின் தூசியில் உலர்ந்த துணியால் துடைத்தாலே அதில் சிலந்தி வலைபோல நுண்கீறல்கள் விழுந்துவிடுகின்றன.

என் கன்சோலில் முதலில் பற்பசை தேய்த்ததில் கீறலோடு வெண்மூட்டமும் சேர்ந்தது. ஜே.சி. ரோட்டில் வாங்கிய கார் பாலிஷ் கீறல்களை அறவே மறைத்தது. ஆனால் சில நாட்கள் கழித்து ஈரத்துணி பட்டதும் அத்தனையும் திரும்பத் தெரிந்தன. அதிலிருந்த மெழுகு பள்ளங்களை நிரப்பியதே தவிர, பிளாஸ்டிக்கைச் சமன்செய்யவில்லை. ஆகவே, சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெழுகை நீக்கிவிட்டு, மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும்.

பிறகு பிளக்கைப் பிடுங்கி, இடுக்குகளில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நகத்தில் தட்டுப்பட்ட கீறல்களை மட்டும் நனைத்த 2000 எண் வாட்டர் பேப்பரால் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடினால் சொரசொரப்பு குறையும்) குறுக்கே தேய்த்தேன். அடுத்து 3000 எண் தாளால், முந்தைய கோடுகள் முழுவதும் மறையும்வரை, நெடுக்கே தேய்த்தேன். அந்த இடம் சாம்பல் பூத்து மங்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மெழுகில்லாத பிளாஸ்டிக் பாலிஷைப் புது மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு, சூடேறாமல் கையாலேயே மெல்லச் சுழற்றித் தேய்த்ததும் பழைய பளபளப்பு திரும்பியது. பெரிய நிம்மதி. எழுத்து அச்சிட்ட பகுதியை மட்டும் தொடக் கூடாது, அது அழிந்துவிடும்.