டேட்டா சென்டர் பேட்டரி நிலையம்: கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேட்டா சென்டருக்கான பேட்டரி சேமிப்பு நிலையத்தையும் மற்றக் கட்டுமான வேலைகளைப் போலவே பலர் நடத்துகிறார்கள். முதலில் மண் வேலை, பிறகு கான்கிரீட், பிறகு இயந்திரங்கள், கடைசியில் கரண்ட். முதல் தவறே அந்த வரிசைதான். டிரான்ஸ்ஃபார்மரை இறக்கி வைத்தால் சப்ளை கொடுக்கும்வரை அது வெறும் இரும்பு. பேட்டரி அப்படியல்ல. இன்றைய 20 அடி கன்டெய்னர் ஒன்றில் 5 மெகாவாட் மணி அளவுக்குச் செல்கள் இருக்கும். எடை 40 டன்னை எட்டும். தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போதே அதில் ஓரளவு சார்ஜ் இருக்கிறது. செல்லுக்குள் இருப்பதை நிறுத்திவைக்க சுவிட்ச் எதுவும் கிடையாது. லாரியிலிருந்து இறங்கிய நிமிடம் முதல் தளத்தில் மின்சாரம் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரி தீப்பிடித்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது செல்லைத்தான். அமெரிக்காவின் எப்ரி ஆராய்ச்சி நிறுவனமும் கூட்டாளிகளும் 2024-ல் வெளியிட்ட ஆய்வு, காரணம் தெரிந்த 26 விபத்துகளை வகைப்படுத்தியது. அதிக விபத்துகளுக்குக் காரணமாக இருந்தவை ஒருங்கிணைப்பு, பாகங்களைப் பொருத்துதல், கட்டுமானம் ஆகியவற்றில் நேர்ந்த பிழைகள். அதாவது, நம் கையில் இருக்கும் வேலைகள்.

கன்டெய்னர் வருகிறது, துணை சப்ளை வரவில்லை

அட்டவணையில் பின்தங்கிவிட்டோம் என்ற பதற்றத்தில் கன்டெய்னர்களை முன்கூட்டியே வரவழைப்பார்கள். கூலிங்குக்கும் பிஎம்எஸ்ஸுக்கும் (செல்களைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு) தேவையான துணை மின்சப்ளை அப்போது தயாராக இருக்காது. வெயிலில் பெட்டி கொதிக்கும், இரவில் உள்ளே ஈரம் படியும். அதைவிடப் பெரிய ஆபத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போவது.

2021 ஜூலை 30 அன்று ஆஸ்திரேலியாவில் ஜீலாங் அருகே விக்டோரியன் பிக் பேட்டரி என்ற சேமிப்பு நிலையத்தில் நடந்ததை ஒவ்வொரு தள மேலாளரும் படிக்க வேண்டும். கமிஷனிங், அதாவது இயக்கத்துக்கு முந்தைய சோதனை வேலை, நடந்துகொண்டிருந்தது. அன்றைய சோதனைக்குத் தேவைப்படாத ஒரு யூனிட்டைச் சாவி போட்டு ஆஃப் செய்திருந்தார்கள். அந்தச் சாவி கண்காணிப்பையும் பாதுகாப்பு அமைப்புகள் சிலவற்றையும் சேர்த்தே நிறுத்திவிட்டது. உள்ளே கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) கசிந்து, ஆர்க் ஆகி (மின்பொறி பாய்ந்து), தீப்பற்றியது; காற்று தீயைப் பக்கத்து யூனிட்டுக்கும் கொண்டுபோனது. புதிய யூனிட் கட்டுப்பாட்டு அறையோடு இணைய 24 மணி நேரம் ஆகும் என்பதுதான் அன்றைய ஏற்பாடு. அந்த யூனிட்டோ 13 மணி நேரம்தான் ஓடியிருந்தது. விபத்துக்குப் பிறகு அந்த 24 மணி நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்தார்கள்.

எனவே துணை சப்ளை, தகவல் கேபிள், அலாரத்தைப் பார்க்க ஓர் ஆள் என்ற மூன்றும் தயாரான பிறகே கன்டெய்னரை வரச் சொல்லுங்கள். ‘ஆஃப்’ செய்தால் எதெது நிற்கும் என்பதைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு போல்ட்

கேபிள் லக்கை (கேபிள் முனையில் உள்ள உலோகத் துண்டு) பஸ்பாரில் (கரண்ட் ஓடும் உலோகப் பட்டை) வைத்து, வாஷர் போட்டு, போல்ட்டை முடுக்கி, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரென்ச் ‘க்ளிக்’ என்றதும் பெயின்ட் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போடுவது முறை. ஒரு தளத்தில் நான் பார்த்தபோது எல்லா போல்ட்களிலும் கோடு அழகாக இருந்தது. ஒன்றில் ரென்ச்சை வைத்தேன். கால் சுற்று போயிற்று. சாயங்காலம் ஷிஃப்ட் முடிவதற்குள் கணக்குக் காட்ட, முடுக்கும் முன்பே கோடு போட்டிருக்கிறார்கள்.

கால் சுற்றுதானே என்று விடமுடியாது. 1,000 ஆம்பியர் ஓடும் இணைப்பில் வெறும் 100 மைக்ரோ ஓம் தடை கூடினால் அந்த ஒரே புள்ளியில் 100 வாட் சூடு பிறக்கும். சூட்டில் உலோகம் விரியும், ஆறினால் சுருங்கும், இணைப்பு இன்னும் தளரும். இந்த அமைப்புகளில் டிசி 1,500 வோல்ட் வரை போகிறது. ஏசியைப் போல டிசி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடாது. ஒருமுறை ஆர்க் பிடித்தால் தானாக அணைவது கடினம்.

முடுக்குபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர், இருவருக்கும் தனித்தனி நிறக் கோடு. முக்கிய இணைப்புகளுக்கு மைக்ரோ ஓம் அளவீடு. லோடு ஏற்றிய பிறகு தெர்மல் கேமரா. நேரம் இல்லை என்று எந்த மேலாளர் சொன்னாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தண்ணீரும் கூலன்ட்டும்

2021 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் சேமிப்பு நிலையத்தில் பேட்டரிகளைக் கெடுத்தது தீ அல்ல, தீயணைப்புத் தண்ணீர். காற்று அமைப்பில் ஒரு பேரிங் பழுதாகிப் புகை வந்தது. தண்ணீர்க் குழாய்கள் திறந்தன. குழாய் இணைப்புகளில் சில சரியாகப் பொருந்தாமல், தண்ணீர் நேராக பேட்டரிகள் அடுக்கிய ரேக்குகள் மேல் பாய்ந்தது; ஷார்ட் ஆகி இன்னும் புகை, இன்னும் தண்ணீர். மாட்யூல்களில் சுமார் 7 சதவீதம் சேதமானது. ஆகவே குழாய்களைப் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் பேட்டரியை அருகில் கொண்டுவராதீர்கள். கூலன்ட் லைனுக்கும் அதே விதி. அடித்தளத்தில் கேபிள் நுழையும் ஓட்டைகளை அன்றன்றே அடைத்துவிட வேண்டும்.

அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைப் பார்க்கும் மெக்கர் சோதனையிலும் கவனம் தேவை. பிஎம்எஸ் பலகைகளைக் கழற்றாமல் 1,000 வோல்ட் கொடுத்தால் அவை பாழாகும். வெவ்வேறு நாட்களில் வந்த ரேக்குகளை வோல்டேஜ் ஒப்பிடாமல் பேரலலில் சேர்ப்பதும் தவறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கட்டுக்கடங்காமல் கரண்ட் பாயும்.

தனித்தனியாகப் பாஸ், சேர்ந்தால் ஃபெயில்

டேட்டா சென்டருக்கே உரிய தவறு இது. பேட்டரிக்கு ஒரு ஒப்பந்ததாரர், யுபிஎஸ்ஸுக்கு ஒருவர், ஜெனரேட்டருக்கு மற்றொருவர். மூவரும் தங்கள் சோதனையில் தேறிவிடுவார்கள். ஷார்ட் ஏற்பட்டால் கிரிட் பல மடங்கு கரண்ட் தரும். இன்வெர்ட்டரோ தன் அளவைவிடச் சற்றே கூடுதலாகத்தான் தரும். கிரிட்டை மனத்தில் வைத்து செட் செய்த பிரேக்கர், பேட்டரியில் ஓடும்போது டிரிப் ஆகாமலே நிற்கலாம்.

லோடு பேங்க் (சர்வர்களுக்குப் பதிலாகக் கரண்டை இழுக்கும் சோதனைக் கருவி) வைத்துச் சோதித்துத் திருப்தியடைவதும் போதாது. அது சீரான லோடு. ஏஐ பயிற்சி ஓடும் சர்வர்களின் லோடு நொடிக்குள் ஏறி இறங்கும். அந்த அசைவில் யுபிஎஸ் தன் சொந்த பேட்டரிக்குத் திரும்பத் திரும்பத் தாவுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருங்கிணைந்த சோதனைக்கு ஒதுக்கிய நாட்களைத்தான் தாமதமான திட்டங்கள் முதலில் வெட்டுகின்றன.

ஓடும் சென்டருக்குப் பக்கத்தில்

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. 384 பேட்டரிகள் எரிந்தன; 600-க்கும் மேற்பட்ட அரசு கணினி அமைப்புகள் நின்றன. சர்வர் அறைக்கு அருகே வேலை செய்யும்போது, எந்தெந்த ரேக்கைத் தனிமைப்படுத்தியாயிற்று என்பதை மீட்டர் வைத்துப் பார்த்து, அந்தந்த ரேக்கிலேயே பூட்டுப் போட வேண்டும். மெயின் பிரேக்கர் ஆஃப் என்பதால் ரேக்கும் ஆஃப் ஆகிவிடாது.

தீயணைப்புப் படையைத் திறப்பு விழாவுக்கு முன் அழைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள மெக்மிக்கென் பேட்டரி நிலையத்தைச் சொல்வேன். 2019 ஏப்ரல் 19 அன்று உள்ளே எரியக்கூடிய வாயு நிறைந்திருந்தது. வீரர்கள் கதவைத் திறந்தார்கள், வெடித்தது. பலர் படுகாயமடைந்தார்கள். முதல் கன்டெய்னர் கேட்டுக்குள் வருவதற்கு முன்பே வீரர்களைத் தளத்துக்கு அழைத்து, வாயு அளவு எந்தத் திரையில் தெரியும், எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எந்தக் கதவைத் திறக்கவே கூடாது என்று கூட நின்று காட்டிவிடுங்கள்.