வாலாட்டிக் குருவிகளை இனம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாலாட்டி என்றாலே பனிக்காலத்து விருந்தாளி என்று முடிவு கட்டிவிடுவதுதான் நம்மூரில் பெரிதும் காணப்படும் தவறு. வாலாட்டிகள் அடங்கிய மோட்டசில்லா (Motacilla) பேரினத்தில் தமிழகத்துக்கு வரும் பெரும்பாலான இனங்கள் வலசை வருபவைதான். ஆனால் சித்திரை வெயிலிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நின்று சீட்டியடிக்கும் வெண்புருவ வாலாட்டி இங்கேயே கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவை. 1789இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் கிமெலின் அதற்கு இட்ட மதராஸ்படென்சிஸ் என்ற அறிவியல் பெயரே சென்னையைக் குறிப்பதுதான்.

இதே பறவையைக் குண்டுகரிச்சான் என்று குறித்துக்கொள்வோரும் உண்டு. இரண்டும் கறுப்பு வெள்ளையே என்றாலும், கரிச்சானுக்குப் புருவக்கோடு கிடையாது. அது வாலை முதுகுக்கு மேல் நிமிர்த்தும், வாலாட்டியோ நடந்தபடியே மேலும் கீழுமாக ஆட்டும். வெள்ளை வாலாட்டியோடு குழப்பிக்கொள்ளாதிருக்க நெற்றியைப் பார்த்தால் போதும்: வெண்புருவ வாலாட்டிக்கு அலகின் அடிவரை நெற்றி கறுப்பு, வெள்ளை வாலாட்டிக்கு நெற்றியும் முகமும் வெள்ளை.

மஞ்சள் நிறத்தைக் கண்டதும் 'மஞ்சள் வாலாட்டி' என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. பெயரில் சாம்பலைக் கொண்ட சாம்பல் வாலாட்டிக்கும் அடிவயிறு மஞ்சள்தான் என்பதால், வயிற்றை விட்டுவிட்டு முதுகையும் காலையும் கவனிக்க வேண்டும். முதுகு சாம்பலாகவும், கால்கள் வெளிறிய இளஞ்சிவப்பாகவும், வால் உடலுக்குப் பொருந்தாத நீளத்திலும் இருந்து, மலையோடைப் பாறைகளில் தாவித் திரிந்தால் அது சாம்பல் வாலாட்டி. முதுகு பச்சை கலந்த பழுப்பாகவும், கால்கள் கறுப்பாகவும் இருந்து, ஈர வயலில் மேயும் மாடுகளின் காலடியில் பூச்சி பொறுக்கினால் அது மஞ்சள் வாலாட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். இளம் பறவைகளின் நிறமோ அனுபவசாலிகளையே ஏமாற்றும். அவற்றை வெறுமனே 'வாலாட்டி' என்று குறித்துவைப்பதில் இழுக்கு ஏதுமில்லை.

மோட்டசில்லா என்ற பேரினப் பெயரிலும் ஒரு பழைய பிழை ஒளிந்திருக்கிறது. 'அசைந்துகொண்டே இருக்கும் சிறியது' என்ற பொருளுடைய அந்த இலத்தீன் சொல்லின் பின்பகுதிக்கு 'வால்' என்று பிற்காலத்தார் தவறாகப் பொருள் கொள்ள, அந்த 'சில்லா' வேறு சில பறவைகளின் பெயர்களிலும் ஒட்டிக்கொண்டது.

கடைசியாக, காட்டு வாலாட்டியை இப்பேரினத்தில் சேர்த்துவிடக் கூடாது. மார்பில் இரட்டைக் கறுப்புப் பட்டை கொண்ட அது டென்ட்ரோனாந்தஸ் என்னும் தனிப் பேரினம். வாலை மேலும் கீழும் ஆட்டாமல் பக்கவாட்டில் அசைக்கும், மரநிழலின் சருகுகளில் இரை தேடும், விரட்டினால் மரக்கிளைக்கே பறந்தேறும்.