கல்லூரி மாணவர்களின் கணினித் திறனைக் கற்பிப்பதும் மதிப்பிடுவதும்

கைப்பேசியில் கைதேர்ந்த மாணவருக்குக் கணினியும் கைவந்திருக்கும் என்ற எண்ணத்தோடு பாடத்தைத் தொடங்காதீர்கள். எக்செல் தெரியுமா என்று கேட்டால் பலரும் தெரியும் என்றே சொல்வார்கள்; ஆகவே முதல் வகுப்பிலேயே, ஒரு ஜிப் கோப்பைப் பதிவிறக்கிப் பிரித்து, உள்ளிருக்கும் அட்டவணையைப் புதுப் பெயரில் குறிப்பிட்ட கோப்புறையில் சேமித்து, பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பும் வேலையைக் கொடுங்கள். செயலிகளிலேயே பழகியவர்கள் பதிவிறக்கிய கோப்பு எங்கே போனது என்று தெரியாமல் தடுமாறுவதுண்டு. அவர்களுக்குக் கோப்புறைகளின் அடுக்கைப் படமாக வரைந்து விளக்குங்கள்.

எதையெல்லாம் கற்பிப்பது என்பதற்கு ஐரோப்பிய ஆணையத்தின் டிஜ்காம்ப் (DigComp) என்ற டிஜிட்டல் திறன் சட்டகம் உதவும். 2022இல் வந்த அதன் 2.2 பதிப்பு 5 பிரிவுகளில் 21 திறன்களை வகுத்துள்ளது. அத்தனையையும் ஒரே பருவத்தில் திணிக்காமல், உங்கள் துறைக்கு உடனே பயன்படுபவற்றைத் தேர்ந்துகொள்வதே நல்லது.

எக்செல் போன்ற விரிதாள் பாடத்துக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். நாடுகளின் கடன் சுமைக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றிப் பொருளாதார அறிஞர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், விரிதாளில் சராசரி காணும் சூத்திரம் சில வரிசைகளுக்கு முன்பே நின்றுவிட்டதால் 5 நாடுகள் விடுபட்டிருந்தன. அந்த விரிதாளைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்து 2013இல் இதை வெளிக்கொணர்ந்தவர்களில் தாமஸ் ஹெர்ன்டன் ஓர் ஆய்வு மாணவர். மாணவர்களுக்கு இதைவிட ஊக்கமளிக்கும் எடுத்துக்காட்டு அரிது. இதைச் சொன்ன கையோடு, கூட்டல் எல்லை குறைந்தும், தேதிகள் வெறும் எழுத்தாகவும், பதிவெண்களின் முன்பூச்சியங்கள் மறைந்தும் கிடக்கும் ஒரு தாளைக் கொடுத்துப் பிழைகளைத் தேடச் சொல்லுங்கள்.

மதிப்பீட்டில் இறுதிக் கோப்பை மட்டும் பார்த்து மதிப்பெண் போடக் கூடாது, ஏனெனில் அதை நண்பரோ செயற்கை நுண்ணறிவுக் கருவியோ செய்து கொடுத்திருக்கலாம். ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் கணினிமுன் அமர்த்தி, ஓர் எண்ணை மாற்றினால் விரிதாளின் எந்தெந்தக் கலங்கள் (கட்டங்கள்) மாறும் என்று முன்கூட்டியே சொல்ல வைத்து, பிறகு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் புரிந்தவர் யார் என்பது அங்கே தெரிந்துவிடும். இணையத் தகவலை ஆராயும் பயிற்சியிலும், ஒரு பக்கத்தின் நம்பகத்தன்மையை அறிய வேறு எந்தெந்தப் பக்கங்களைத் திறந்து பார்த்தார்கள் என்பதை எழுதித் தரச் செய்து, அந்தக் குறிப்புக்கும் மதிப்பெண் கொடுங்கள். விளைவு, செய்முறை, சரிபார்ப்பு ஆகிய மூன்றுக்குமான மதிப்பெண் பங்கீட்டைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். தவறியவர்களுக்கு வேறு தரவைக் கொடுத்து அதே திறனில் மறுவாய்ப்பு அளியுங்கள்.