காற்றுத் தடுப்பு மாட்டும்போது செய்யக் கூடாத தவறுகள்

ஏசி காற்று கட்டில் மேல் நேராக அடிக்கிறது என்று கையில் கிடைத்த பிளாஸ்டிக் தட்டை அதன் முன்னால் மாட்டிவிட்டு, அப்புறம் அறையே குளிரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுபவர்கள் நிறையப் பேர். காற்றைத் திருப்பினால் அது எங்கே போகும், எந்த வழியாகத் திரும்பி வரும் என்பதை முதலில் பாருங்கள்.

சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி பெரும்பாலும் மேல்பக்கமாகத்தான் காற்றை இழுக்கும். தட்டை மிக நெருக்கமாக, செங்குத்தாக வைத்தால் வெளியே வரும் குளிர்காற்று அதில் மோதி மேலே ஏறி நேராக உள்ளேயே போய்விடும். வெப்பத்தை அளக்கும் சென்சாரும் பொதுவாக அங்கேதான் இருக்கும் என்பதால், அறை குளிர்ந்துவிட்டதாகக் கணக்குப் போட்டு கம்ப்ரஸர் சீக்கிரமே ஓய்ந்துவிடும், அறையில் இருப்பவருக்குப் புழுக்கம்தான் மிச்சம். தட்டைச் சாய்த்து, காற்று கூரையை ஒட்டியே எதிர்ச்சுவர் வரை போகும்படி விடுங்கள். குளிர்காற்று கனமானது, தானாகக் கீழே இறங்கிவிடும். சூடான காற்று விஷயத்தில் இது அப்படியே தலைகீழ், அதைத் தரைப் பக்கம் திருப்ப வேண்டும்.

மெல்லிய தகரத்தையோ அக்ரிலிக்கையோ மாட்டினால், ஈரப்பதம் அதிகமுள்ள நாட்களில் அதன் வெளிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். கீழே கட்டிலோ பிளக் பாயிண்டோ இருந்தால் வம்பு.

டக்ட் (குளிர்காற்றை அறைக்கு அறை கொண்டுபோகும் பெரிய குழாய்) வைத்த வீடுகளில், ஆள் இல்லாத அறைகளின் காற்று வாய்களை வரிசையாக மூடினால் கரண்ட் மிச்சமாகும் என்ற நம்பிக்கை இருக்கிறது. உண்மையில் டக்டுக்குள் அழுத்தம் ஏறும், இணைப்புகளில் கசிவு கூடும், காற்றோட்டம் ரொம்பக் குறைந்தால் காற்றைக் குளிரவைக்கும் காயிலில் பனி கட்டிவிடும். இதே வீடுகளில் கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியையும் அவசரப்பட்டு அடைக்காதீர்கள், பல அறைகளில் காற்று திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி.

ஒட்டித் திருகி முடிப்பதற்கு முன்னால் ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டைத் தொங்கவிட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். ஏசியின் மேலே பிடித்தால் ஃபில்டர் பக்கம் இழுபடுவது சரிதான், ஆனால் தட்டிலிருந்து வரும் குளிரும் அங்கே கையில் பட்டால் கோணத்தை மாற்றுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று: கேஸ் அடுப்போ கேஸ் கீசரோ இருக்கும் இடத்தில், குளிர் வருகிறது, தூசி வருகிறது என்று காற்றுத் துளைகளை மறைக்கவே கூடாது. அங்கே எரிவது முழுமையாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.